கோட்டைக்கு வெளியே எட்டு நாள்

எங்கள் பழனிசெட்டிபட்டிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் முல்லையாறுதான். மலை வேண்டுமானால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும். கடல் மட்டும் படாது. திருச்செந்தூருக்கோ ராமேசுவரத்துக்கோ ஒரு வேண்டுதல் இருந்தால் ஒழிய, கடலைப் பார்க்காமலேயே ஆயுளைக் கழித்துவிட்ட கிழவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆகவே நான் புதுச்சேரிக்குப் புறப்படுகிறேன் என்றதும் சிலர், "கடல் பார்க்கவா?" என்று கேட்டார்கள். வேறு சிலர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "கடல் பார்க்கத்தானே?" என்று கேட்டார்கள். புதுச்சேரியின் கீர்த்தி அப்படி.

நான் போனது இரண்டுக்கும் இல்லை. சரித்திரம் பார்க்கப் போனேன். பிரெஞ்சுக்காரர்களுக்கும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கும் ஒரு சிறு ஒட்டுதலும் உண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் பன்னீர்த் திராட்சையை, 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தாம் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். திராட்சை கொடுத்தவர்களின் ஊரை ஒரு முறையாவது சுற்றிப் பார்ப்பது நன்றி அறிதல் அல்லவா?

என் அக்காள் மகன் அங்கே படித்துக்கொண்டிருக்கிறான். "நடந்தே சுற்றிப் பார்க்கலாமா, மாப்பிள்ளே?" என்று கேட்டேன்.

"இந்த வெயில்லே நடக்கிறதா? இப்பல்லாம் ஸ்கூட்டரிலேயே கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுறாங்க, மாமா. ஆளுக்கு ஒரு வண்டி. முன்னாலே வழிகாட்டி போவாரு, பின்னாலேயே நாம போகணும். மூணு மணி நேரத்திலே முந்நூறு வருஷத்தைப் பார்த்துடலாம்" என்றான்.

மணிக்கு நூறு வருஷம்! சரித்திரத்தை இத்தனை வேகத்தில் யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் போகக் கூடாது. அந்த நேரம் கால் உள்ளவர்களின் ராஜ்யம். தடுப்பை எடுத்த பிறகு நாங்கள் ஆறு பேர் வரிசையாகப் புறப்பட்டோம். மின்சார வண்டிகள், சத்தமே கிடையாது. என் வண்டி நகர்ந்துவிட்டது என்பதே எனக்கு இரண்டு கஜம் போன பிறகுதான் தெரிந்தது. வழிகாட்டியாக வந்தவர் இருபத்தைந்து வயதுப் பையன். கழுத்தில் ஒரு குட்டி ஒலிபெருக்கி. நிறுத்துகிற இடமெல்லாம் மனப்பாடமாகச் சொன்னான். ஆனால் நன்றாகச் சொன்னான்.

காந்தி சிலை, அதற்குக் காவல் நிற்பவை போலச் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள். 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் இறந்த சிப்பாய்களுக்காக 1938-இல் திறந்த போர் நினைவுச் சின்னம். தெற்குக் கோடியில் 1870-இல் வார்த்த டூப்ளே சிலை. இடையில் 'மேரி' என்ற நகரசபைக் கட்டடம். அது யாரோ ஒரு மாதரசியின் பெயர் என்று நான் எண்ணியிருந்தேன். பிரெஞ்சு மொழியில் நகரசபைக்கே அதுதான் பெயராம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது பழைய அச்சிலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறந்தது. எங்களோடு வந்த பெங்களூர்த் தம்பதி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு பழமை!" என்று வியந்தார்கள். பழமைக்கு வயது நாலைந்து வருஷம்.

அந்த ஊரில் எல்லாக் கட்டடங்களுக்குமே இந்தக் கதை கொஞ்சம் உண்டு. மஞ்சளும் வெள்ளையுமாக மின்னுகிற சுவர்கள், காகிதப்பூ படர்ந்த வாசல்கள், டூமா வீதி, சுஃப்ரேன் வீதி, லபூர்தொனே வீதி என்று நீலப் பலகைகள். அங்கே வண்டியில் போகும்போது டூப்ளே இப்போதுதான் பல்லக்கில் ஏறிப் போனார் போலத் தோன்றும். ஆனால் டூப்ளே கவர்னராக இருந்தது 1742 முதல் 1754 வரை. அவர் கண்ட வெள்ளைக்கார நகரத்தில் ஒரு தெருவும் முழுதாக மிஞ்சவில்லை. 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, கோட்டை, மாளிகை, மதில் எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்த்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னால் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூருக்குப் பக்கத்திலிருந்த ஆங்கிலேயரின் செயிண்ட் டேவிட் கோட்டையை இடித்துத் தள்ளினாரே, அந்தக் கணக்கை இங்கே தீர்த்துக்கொண்டார்கள். நாம் இன்று பார்ப்பதெல்லாம் 1765-க்குப் பிறகு பழைய தெருக்கோட்டின் மேலேயே எழுப்பிய இரண்டாவது புதுச்சேரி.

தெருக்கோடு மட்டும் பழையது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் இங்கே வந்து குடியேறி ஊரை வளர்த்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1699-இல் திருப்பிக் கொடுப்பதற்குள், சதுரங்கப் பலகை மாதிரி நேர் நேராகத் தெருக்களுக்கு ஒரு திட்டம் போட்டுவிட்டார்கள். வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு அழகு என்று நாம் புகழ்கிற நேர்த்தெருக்களுக்குக் கோடு கிழித்தது டச்சுக்காரன் கை.

பாரதி பூங்காவுக்கு வந்தோம். பெரிய கோட்டை இருந்தது இந்த இடத்தில்தான். இப்போது நடுவில் ஆயி மண்டபம் இருக்கிறது. தன் வீட்டைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டதால், அந்த வீட்டையே இடித்துவிட்டுக் குளம் வெட்டினாளாம் ஆயி என்ற தாசி. அந்த முத்திரப்பாளையத்துத் தண்ணீரை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்துக்குக் கொண்டுவந்ததற்கு ஞாபகார்த்தம் இந்த மண்டபம். அதன் நிழலில் வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, பையன் ஒரு கதை ஆரம்பித்தான். அவன் கைவசம் இருந்தவற்றில் அதுதான் முதல்தரம்.

லெ ஜான்டில் என்று ஒரு பிரெஞ்சு வானசாஸ்திரி. சுக்கிரன் சூரியனைக் கடந்து போகிற காட்சியைப் பார்த்துக் குறித்துவர 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அப்படிக் கடப்பது எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் கிடையாது. 1761 மே மாதம் கப்பல் கரைக்கு அருகில் வந்தபோது, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்று செய்தி. கப்பல் திரும்பிவிட்டது. அசைகிற கப்பல் தட்டில் நின்று சுக்கிரனைப் பார்த்து என்ன பிரயோஜனம்? கணக்கு எடுக்க முடியவில்லை. மனிதர் ஊருக்குத் திரும்பாமல் எட்டு வருஷம் காத்திருந்தார். 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்த கோட்டையின் சிதைவுகளின் மேலேயே ஒரு ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக்கொண்டார். ஓய்ந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரிடம் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் வித்தையைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1769 ஜூன் மாதம் குறித்த நாள் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வானம் கண்ணாடியாக இருந்தது. அன்று காலை பார்த்து மேகம் வந்து மூடியது. சுக்கிரன் கடந்து முடிந்ததும் வெயில் அடித்தது. 1771-இல் பிரான்சுக்குத் திரும்பினால், இவர் இறந்துவிட்டார் என்று உறவினர்கள் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்களாம்!

எல்லோரும் 'ஐயோ பாவம்' என்றார்கள். பெங்களூர் அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் அந்தக் கதையில் 'புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது' என்று ஒரு வாக்கியம் வந்து போயிற்றே, அது முள்ளாக எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. போயிற்று என்றால் எப்படிப் போயிற்று?

பெரிய வாய்க்காலைத் தாண்டினோம். கிழக்கே வெள்ளைக்காரர்கள், மேற்கே தமிழர்கள் என்று ஊரை இரண்டாக வகிர்ந்த வாய்க்கால் இது. பாலம் என்னவோ பத்தடிதான். தாண்டியதும் வேறு ஊர். மதில் மறைந்து திண்ணை வந்தது. தெருவில் போகிறவனும் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு வெளியே தாழ்வாரம் இறக்கிக் கட்டியிருக்கிறார்கள். செட்டித் தெரு என்ற பலகையைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருந்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு. 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் அவருக்குப் புகலிடம் தந்த ஊர் இது என்பதை நினைத்தால் பிரெஞ்சுக்காரர்கள் செய்த பல பிழைகளை மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது. 1748-இல் முற்றுகையைச் சாக்காக வைத்து வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை மன்னிக்கலாமா என்பது வேறு விஷயம்.

அந்தக் கோயில் இடிந்த கதையை நமக்குக் கண்ணீரோடு எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் வீடு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 1738 வாக்கில் கட்டியது. கீழ்த்தளத்தில் நம்மவர் பாணி மரத்தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்கள். மனிதரும் அப்படித்தான். 1709-இல் பெரம்பூரில் பிறந்து, டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக உயர்ந்து, 'ஆனந்தப்புரவி' என்று சொந்தக் கப்பல் ஓட்டிய வியாபாரி. 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் மனைவியின் கோபம், சரக்கு விலை, நல்ல சகுனம், கெட்ட சகுனம், தறிக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அதில் உண்டு. அவர் காலத்துக் கோட்டை தூளாகிவிட்டது. அவர் எழுதிய காகிதம் நிற்கிறது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை அதை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. கடைசிக் காலத்தில் நோய் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. எழுத்தும் விட்டுவிட்டு வந்தது. நகரம் விழுந்த அதே 1761 ஜனவரியில் அவரும் கண்ணை மூடினார்.

"அவ்வளவுதான் சார். இங்கேயிருந்து திரும்பி பீச்சுக்குப் போயிடுவோம். காபி இருக்கு" என்றான் பையன்.

"தம்பி, ஊரைச் சுற்றி ஒரு பெரிய சாலை முட்டை வடிவத்தில் வளைந்து போகிறதே, அதில் ஒரு சுற்றுப் போகலாமா?" என்று கேட்டேன்.

"பூல்வாரா? அங்கே பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லையே சார். பஸ்ஸும் கடையுந்தான்."

"ஒன்றும் இல்லாததைத்தான் பார்க்க வேண்டும்" என்றேன். மற்றவர்கள் காபிக்குப் போனார்கள். மருமகன் அவர்களுக்கு வழிகாட்டியானான். நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்டோம்.

வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை. இப்போது பெயர் மூன்று, சாலை ஒன்றுதான். பழைய புதுச்சேரியின் மதில் நின்ற கோட்டின் மேல் போட்டது இந்தச் சாலை. மதிலை ஆங்கிலேயர் இடித்தார்கள். அதன் தடத்தின் மேல் வண்டிகள் ஓடுகின்றன. அண்ணா சாலையில் இருபுறமும் செருப்புக்கடை, பாத்திரக்கடை, துணிக்கடை. ஒரு ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மேற்கே வில்லியனூருக்குப் போகிற வாசல் இந்தப் பக்கத்து மதிலில்தான் இருந்தது. பிறகு, அன்று வரை வழிகாட்டியாக இருந்தவனுக்கு நான் வழிகாட்டினேன்.

1760 ஜனவரியில் வந்தவாசியில் லாலி தோற்றுப்போனார். செப்டம்பருக்குள் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார். கடலிலும் ஆங்கிலக் கப்பல்கள். உள்ளே அரிசி குறைந்துகொண்டே வந்தது. நவம்பர் கடைசியில் லாலி ஒரு கணக்குப் போட்டார். சிப்பாய்க்குச் சோறு வேண்டும். சண்டை போடாதவர்களுக்கு எதற்கு? ஊரில் இருந்த தமிழ் ஜனங்களை, சில வேலைக்காரர்கள் நீங்கலாக, வெளியே துரத்தச் சொல்லி உத்தரவு போட்டார். ஆண், பெண், கிழவர், குழந்தை என்று சுமார் 1,400 பேர். வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அவர்கள் ஆங்கிலேயரின் காவல் வரிசைக்குப் போனார்கள். ஆங்கிலேயர் வழி விடவில்லை. இவர்களை உள்ளே திருப்பி அனுப்பினால் எதிரியின் அரிசி சீக்கிரம் தீரும் என்பது அவர்கள் கணக்கு. திரும்பி வில்லியனூர் வாசலுக்கு வந்து கதறினார்கள். உள்ளே இருந்து சுட்டார்கள். சிலர் அங்கேயே செத்தார்கள். முன்னால் ஒரு துப்பாக்கி, பின்னால் ஒரு துப்பாக்கி. நடுவில் எட்டு நாள். கையில் முடிந்துவந்ததைத் தின்றார்கள். அது தீர்ந்ததும் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். எட்டு நாள் கழித்துத்தான் கூட் மனமிரங்கி வழி விட்டார்.

இதை நான் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலச் சரித்திரக்காரர் அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாவலாசிரியன் கைக்கு இது கிடைத்தால் இருநூறு பக்கம் எழுதுவான். ஆர்ம் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டு அடுத்த பீரங்கிக்குப் போய்விடுகிறார். 1,400 பேரில் ஒருவருக்குக்கூடப் பெயர் எழுதவில்லை.

யார் அவர்கள்? மர்த்தேன் இந்த ஊருக்கு வந்தது துணிக்காக. கடற்காற்று வாங்குவதற்காக அல்ல. நெசவாளரையும் வியாபாரியையும் வருந்தி அழைத்துக் குடிவைத்ததால்தான் இது ஊராயிற்று. தறியும் சாயமும் இல்லாவிட்டால் கோட்டையும் இல்லை, மாளிகையும் இல்லை. துணி வேண்டியிருந்தபோது வா என்று அழைத்தவர்கள், அரிசி குறைந்தபோது போ என்றார்கள். 'வெளியே' என்ற ஒரு சொல்லில் 86 வருஷத்து உறவு முடிந்துவிட்டது.

லாலிக்கு என்ன ஆயிற்று என்று பையன் கேட்டான். 1761 ஜனவரி 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. லாலியைத் துரோகி என்று சொல்லிப் பாரீசில் 1766-இல் தலையை வெட்டிவிட்டார்கள். அது அநியாயம் என்று வால்டேர் எழுதினார், வாதாடினார். 1778-இல் அந்தத் தீர்ப்பே ரத்தாயிற்று. புதுச்சேரியில் லாலி தொலாந்தால் வீதி என்று ஒரு தெருவும் அவருக்கு இருக்கிறது. காலையில் நாங்கள் அந்தப் பக்கம்தான் வந்தோம். ஆகவே லாலிக்கு வால்டேர் கிடைத்தார். லெ ஜான்டில் தம் கஷ்டத்தைத் தாமே புத்தகமாக எழுதிக்கொண்டார். அவரை மறைத்த மேகத்துக்கு வானசாஸ்திரப் புத்தகங்களில் நிரந்தர இடம். டூப்ளேக்குச் சிலை. கோயிலுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை. இந்த 1,400 பேருக்குக் கிடைத்தது எதிரியின் சரித்திரக்காரன் போட்ட சில வரிகள்.

பையன் வெகுநேரம் பேசவில்லை. சாலையின் மறுபுறத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீடு முதலியார்பேட்டை சார். இந்த ரோட்டுக்கு அந்தாண்ட" என்றான் கடைசியில்.

அவன் தாத்தா மில் தொழிலாளியாம். கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அந்த மில்லை 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். "தாத்தா வருஷா வருஷம் ஜூலை 30 கூட்டத்துக்கு என்னைத் தூக்கிட்டுப் போவாரு" என்றான்.

1936 ஜூலை 30-இல் வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. நாங்கள் போய்க்கொண்டிருந்த தெற்குச் சாலைக்குப் பெயராக இருக்கும் சுப்பையா இருந்தார். வருஷந்தோறும் கூடி நினைக்க ஆள் இருந்தது. அதனால் அவர்கள் இருக்கிறார்கள். சரித்திரத்தில் ஒருவன் இருப்பதற்குக் கல் வேண்டும் என்று நினைக்கிறோம். கல் இடிந்துவிடுகிறது. மேரியே இடிந்து விழவில்லையா? வேண்டியது கல் அல்ல. ஒருவன் நாளைக்கும் அதைச் சொல்ல வேண்டும். அதைக் கேட்க இன்னொருவன் நிற்க வேண்டும்.

கடற்கரைக்குத் திரும்பினோம். மற்றவர்கள் காபி குடித்து முடித்திருந்தார்கள். "எங்கே மாமா போனீங்க?" என்றான் மருமகன். "மதிலைப் பார்க்கப் போனேன்" என்றேன். "மதிலா? இங்கே ஏது?" என்று அவன் கேட்டது நியாயந்தான்.

இரண்டு நாள் கழித்து ஊருக்குத் திரும்பப் பஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆட்டோ அண்ணா சாலையில் நெரிசலில் நின்றது. ஓரத்தில் ஐந்தாறு ஸ்கூட்டர்கள் வரிசையாக நின்றன. வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு செருப்புக்கடையையும் பாத்திரக்கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நம் பையன். கழுத்தில் ஒலிபெருக்கி இருந்தது; ஆனால் அதை அவன் உபயோகிக்கவில்லை. தணிந்த குரலில், சாலையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கையால் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆட்டோ நகர்ந்துவிட்டது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.